தேய்த்தாலும் போகாத கருப்பு

இரண்டு கருப்புகள்

சங்கரன்கோவிலை அடுத்த கரிசற் பூமியில், திருவேங்கடத்திலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், எரிவாயு அடுப்பு வந்து சேராத காலத்தில், பருத்தி எடுத்து ஓய்ந்த காட்டிலிருந்து பிடுங்கி வந்து கட்டிவைத்த பருத்திமாரையே எரித்துச் சமைத்த வீடுகள் அநேகம். அவ்வீடுகளில் சட்டிபானைகளின் அடியில் அன்றாடம் பிடிக்கும் கரியை, மறுநாட் காலையில் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துப் போக்குவது பெண்டிருக்கு ஒரு நித்திய வேலையாகவே இருந்தது. இரண்டு தேய்ப்பில் கரி கையோடு வந்துவிடும். கைக்கரி மேலும் இரண்டு கழுவலில் போய்விடும். இது எவரும் அறிந்த விஷயம்.

ஆனால், தென்பாண்டிச் சீமையில் ஏர் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ கிடைக்கின்ற பழைய பானைச் சில்லுகளுள் ஒருவகை உண்டு. வெளிப்புறம் செம்மண் நிறமாகவும், உட்புறமும் விளிம்பும் பளபளக்கும் கருப்பாகவும் விளங்கும் அச்சில்லுகளைத் தொல்லியலார் கருப்பு-சிவப்புக் கலம் என்று அழைப்பர். மழைநீரும் உப்பும் வேரும் கிருமியும் ஓயாது வேலை செய்யும் மண்ணுக்குள் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாகக் கிடந்த பின்னரும், அந்தக் கருப்பு ஈரத்துணியால் துடைத்தால் அழிவதில்லை. விரலில் ஒட்டுவதும் இல்லை. அடுப்படிக் கருப்பும் கரி. இந்தக் கருப்பும் கரி. ஒன்று ஒருநாளில் போகிறது, மற்றொன்று இருபத்தைந்து நூற்றாண்டுகளிலும் போகவில்லை என்றால், அவ்விரண்டுக்கும் உள்ள பேதம் எங்கே இருக்கிறது? பதார்த்தம் ஒன்றே என்பதால், பேதம் பதார்த்தத்தில் இருக்க இயலாது. அப்பதார்த்தத்தின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையிலும், அவை மண்ணோடு சேர்ந்திருக்கும் விதத்திலுமே இருக்கவேண்டும் என்பது அனுமானம். இந்த அனுமானத்தைப் பிரத்தியட்சமாக்கிக் காட்டும் சாதனத்தைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

ஒளியின் எல்லை

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் நாம் காணும் சாதாரண நுண்ணோக்கியின் கீழ் அந்தச் சில்லை வைத்தால், கருப்புப் பூச்சு கருப்பாகவே தெரியும். அதன் அமைப்பு தெரியாது. கண்ணாடி வில்லைகளை இன்னும் திருத்தமாகக் கடைந்து இன்னும் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். பெரிதாக்கலாம், ஆனால் தெளிவு கூடாது. ஜெர்மனியில் யேனா நகரத்தில் வாழ்ந்த எர்ன்ஸ்ட் அப்பே என்ற பௌதிக அறிஞர் 1873-லேயே இதற்குக் காரணம் சொல்லிவிட்டார். ஒளி அலையாகச் செல்வது. ஓர் அலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு புள்ளிகள் நெருங்கியிருக்குமானால், அவ்வலை அவற்றை இரண்டெனப் பிரித்துக் காட்டாமல் ஒன்றெனவே குழப்பிக் காட்டும்.

இங்கே ஓர் அளவை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிமன் பல பதினாயிரம் நானோமீட்டர். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஊதாவில் ஏறத்தாழ 400 நானோமீட்டரும், சிவப்பில் ஏறத்தாழ 700 நானோமீட்டரும் ஆகும். ஆகவே 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள உலகம் சாதாரண ஒளி நுண்ணோக்கிக்குப் பெரும்பாலும் மூடிய கதவே. கரியணுக்கள் இரண்டுக்கு இடைப்பட்ட தூரமோ 0.14 நானோமீட்டர்தான்.

எலெக்ட்ரானை வளைத்தல்

1924-ல் லூயி டி பிராயி என்ற பிரெஞ்சு அறிஞர், ஒளியே அன்றி எலெக்ட்ரான் போன்ற பருப்பொருட் துகள்களும் அலையாக ஒழுகும் என்றும், அவற்றின் வேகம் கூடக் கூட அலைநீளம் குறையும் என்றும் ஒரு சித்தாந்தத்தை வெளியிட்டார். எலெக்ட்ரான் என்பது அணுவினுள் இருக்கும் எதிர்மின்னூட்டத் துகள். தமிழில் மின்னணு என்பாரும் உளர். 200 கிலோவோல்ட் மின்னழுத்தத்தால் உந்தப்பட்ட எலெக்ட்ரான், ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 70 விழுக்காட்டு வேகத்தில் பாய்கிறது. அதன் அலைநீளம் 0.0025 நானோமீட்டர். பச்சை ஒளியின் அலையைவிட இது சற்றேறக்குறைய இரண்டு இலட்சம் மடங்கு சிறியது.

பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் மாக்ஸ் நோல் என்பவரின் கீழ் ஆராய்ச்சி மாணவராக இருந்த எர்ன்ஸ்ட் ருஸ்கா, 1931-ல் தம் ஆசிரியரோடு சேர்ந்து முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை நிறுவியபோது டி பிராயியின் சித்தாந்தத்தை அறிந்திருக்கவில்லை என்பதும், எலெக்ட்ரானுக்கும் அலைநீளம் உண்டு என்று பின்னர் கேள்விப்பட்டபோது, இங்கேயும் ஓர் எல்லை குறுக்கிடுகிறதே என்று முதலில் மனம் சோர்ந்தார் என்பதும், கணக்கிட்டுப் பார்த்த பிறகே அந்த எல்லை எட்டாத் தொலைவில் இருப்பதைக் கண்டு தேறினார் என்பதும், விஞ்ஞான சரித்திரத்தில் நான் பெரிதும் ரசிக்கும் செய்திகள். அந்த முதற்கருவி இருபது மடங்கைக்கூட எட்டவில்லை. கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடியே அதைவிட மேல் எனலாம். ஆயினும் இரண்டே ஆண்டுகளில், 1933-ல், ருஸ்கா ஒளி நுண்ணோக்கியின் எல்லையைத் தாண்டிவிட்டார். இதற்கான நோபெல் பரிசு அவரை வந்தடைந்ததோ 1986-ல். அப்போது நோல் உயிரோடு இல்லை. நம் நாட்டில் 1940-களிலேயே கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா இத்தகைய கருவியொன்றைத் தம் கைப்பட அமைத்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று.

கண்ணாடி வில்லை எலெக்ட்ரானை வளைக்காது, தடுத்து நிறுத்திவிடும். ஆகவே இங்கே வில்லை என்பது, மெல்லிரும்புக் கூட்டுக்குள் சுற்றப்பட்ட செப்புக்கம்பிச் சுருள். அதில் மின்சாரம் ஓடும்போது எழும் காந்தப் புலமே எலெக்ட்ரான்களைக் குவிக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் குறுக்கிட்டால் எலெக்ட்ரான்கள் சிதறிவிடுமாதலால், ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் அந்த உலோகத் தூணுக்குள் காற்றை அறவே நீக்கியாக வேண்டும். காந்த வில்லைகளின் குறைபாடுகள் காரணமாக, அலைநீளம் அனுமதிக்கும் அளவுக்கு முழுத் தெளிவு கிட்டுவதில்லை. எனினும் நல்ல கருவியொன்று 0.2 நானோமீட்டர் இடைவெளியைப் பிரித்துக் காட்டும். கரியணுக்களைத் தனித்தனியே பிரிக்க அது போதாதெனினும், அவற்றின் அடுக்கைக் காண நமக்கு அது போதும்.

இவற்றுள் இரண்டு வகை உண்டு. பொருளின் மேற்பரப்பை எலெக்ட்ரான் கற்றையால் வரிவரியாகத் தடவி, அங்கிருந்து தெறிக்கும் எலெக்ட்ரான்களைக் கொண்டு படம் வரைவது வருடு நுண்ணோக்கி. மிக மெல்லிய பொருளுக்கு ஊடே கற்றையைச் செலுத்தி, மறுபுறம் விழும் உருவைப் பிடிப்பது ஊடுருவு நுண்ணோக்கி. ஈயின் கண்ணையும் மகரந்தத் தூளையும் காட்டும் பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் முதல்வகையைச் சேர்ந்தவை. பானைக் கருப்பின் இரகசியத்தை நமக்குச் சொல்லப்போவது இரண்டாம் வகை.

கீழடியிலிருந்து வேலூருக்கு

மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக்கு அருகில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியில் 2014-15-ல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர்த் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை ஏற்று நடத்திவருவது வாசகர் அறிந்ததே. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டொன்று, அமெரிக்காவின் மியாமி நகர ஆய்வகத்தில் காலக்கணிப்புக்கு உட்படுத்தப்பட்டு, கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று முடிவு செய்யப்பட்டது; 2019-ல் வெளியான அரசு அறிக்கை இதைத் தெரிவித்தது. எழுத்துப் பொறித்த ஓடுகளைப் பற்றியே அப்போது நாடெங்கும் பேச்சு. எழுத்தில்லாத சாதாரணச் சில்லுகளின் உட்புறக் கருப்பை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர்கள் வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள். விஜயானந்த் சந்திரசேகரனும் அவருடைய சகாக்களும் கீழடிச் சில்லுகளின் உட்புறக் கருப்புப் பூச்சை ஊடுருவு நுண்ணோக்கியில் இட்டுப் பார்த்து, அதில் ஒற்றைச் சுவரும் பல சுவர்களும் கொண்ட நுண்கரிக்குழல்கள் இருப்பதாக 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

நுண்கரிக்குழல் என்பது யாது? பென்சிலில் எழுதப் பயன்படும் காரீயகம் என்னும் கரியில், அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்துத் தகடுகளாகப் பரந்து, தகட்டின்மேல் தகடாக 0.335 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கியிருக்கும். அத்தகைய தகடொன்று வளைந்து, அதன் இரண்டு விளிம்புகளும் தையல் தெரியாமல் ஒன்றுசேர்ந்து குழலாகிவிட்டால், அது ஒற்றைச்சுவர்க் கரிக்குழல். குழலுக்குள் குழலாகப் பல அமைந்தால் பல்சுவர்க் கரிக்குழல். ஜப்பானியரான சுமியோ இஜிமா 1991-ல், மின்வில்லில் எரிந்த கரித்தண்டின் படிவை ஊடுருவு நுண்ணோக்கியில் பார்த்து இவற்றை விவரித்த பிறகே உலகம் இவற்றின்மீது கவனம் செலுத்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1952-ல், சோவியத் அறிஞர் இருவர் இத்தகைய கரிக்குழல்களின் படத்தை வெளியிட்டிருந்தும், ருஷ்ய மொழியில் வந்தமையால் அது வெளியே தெரியாமற் போயிற்று. எடைக்கு எடை ஒப்பிட்டால் உருக்கையும் விஞ்சும் உறுதி இவற்றுக்கு உண்டு.

கோடுகளை எண்ணுதல்

இத்தகைய ஆய்வு நடைபெறும் முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். கருப்புப் பூச்சிலிருந்து சுரண்டிய அற்பசொற்பத் தூளைச் சாராயநீரில் இட்டு, காதுக்குக் கேளாத ஒலியதிர்வால் குலுக்கிக் கலக்குவார்கள். அக்கலங்கலில் ஒரு துளியை, 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்பு வலைத்தட்டின்மீது விட்டு, விளக்கின் சூட்டில் உலர்த்துவார்கள். தட்டின்மீது ஓட்டைகள் நிறைந்த மெல்லிய படலம் ஒன்று பரப்பியிருக்கும். அந்த ஓட்டைகளின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் துணுக்குகளே பார்வைக்கு உகந்தவை. துணுக்கு 100 நானோமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் கற்றை ஊடுருவாமல் வெறும் கருநிழல்தான் விழும். தட்டைக் கிடுக்கியால் எடுத்துத் தாங்கியில் பொருத்தித் தூணுக்குள் செலுத்தி, காற்று நீங்கும்வரை காத்திருக்கவேண்டும். லாரி போக்குவரத்தும் மின்தூக்கியின் ஆட்டமும் படத்தைக் கலைத்துவிடும் ஆதலால், இக்கருவிகளைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், சந்தடியில்லாத மூலையில் வைப்பது வழக்கம்.

இனி, திரையில் ஒரு படம் தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு விளங்குவதற்காக நாமே அமைத்துக்கொள்ளும் உதாரணம் இது. படத்தின் அடியில் 5 நானோமீட்டர் என்று குறித்த அளவுகோடு இருக்கிறது; அச்சிட்ட தாளில் அதன் நீளம் 25 மில்லிமீட்டர். எனவே தாளில் 5 மில்லிமீட்டர் என்பது உண்மையில் 1 நானோமீட்டர். அதாவது பொருள் ஐம்பது இலட்சம் மடங்கு பெருகியிருக்கிறது. படத்தில் இணையான கருங்கோடுகள் ஒரு கற்றையாக ஓடுகின்றன. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளியை அளந்தால் பிழை நேரும். ஆகையால் பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளக்கிறோம். 17 மில்லிமீட்டர் வருகிறது. அதை நானோமீட்டராக மாற்றினால் 3.4, ஓர் இடைவெளிக்கு 0.34. காரீயகத் தகடுகளின் இடைவெளியோடு இது ஏறக்குறைய ஒத்துப்போவதால், நம் கண்முன் இருப்பது வெறும் புகைக்கரி அன்று, ஒழுங்காக அடுக்கிய கரித்தகடுகள் என்று துணியலாம். அடுப்புப் புகைக்கரியிலும் சிறுசிறு தகட்டுத் துண்டுகள் உண்டெனினும், அவை குறுகியும் குலைந்தும் கிடப்பதால் இப்படி நெடுகிலும் நேராக ஓடும் கோடுகளை அங்கே காண்பது அரிது.

ஆனால், தகடுகள் என்றால் குழல் என்று ஆகிவிடுமா? ஆகாது. இங்கேதான் ஊடுருவு நுண்ணோக்கியாளரின் யுக்தி வெளிப்படுகிறது. குழலின் நடுப்பகுதியில் கற்றை சுவருக்குச் செங்குத்தாகப் புகுந்து வெளியேறுவதால் அங்கே நிழல் மங்கலாக விழும். இரு ஓரங்களில் மட்டும் கற்றை சுவரோடு ஒட்டி நெடுகச் செல்வதால் கருங்கோடுகள் அழுத்தமாக விழும். ஆகவே மெய்யான குழலானால், வெளிறிய நடுப்பகுதிக்கு இருபுறமும் சம எண்ணிக்கையில் கோடுகள் இருக்கவேண்டும். இடப்புறம் ஏழு என்றால் வலப்புறமும் ஏழு. மடிந்துகிடக்கும் ஒரு தகடும் தற்செயலாக இப்படித் தோன்றலாம் என்ற ஐயத்தைப் போக்க, தாங்கியை அதன் அச்சில் மெல்லத் திருப்பிப் பார்க்கவேண்டும். திருப்பத்துக்கேற்ப மடிந்த தகட்டின் கோடுகள் மங்கி மறைந்துவிடும். அவ்வச்சின் திசையில் கிடக்கும் குழலோ எப்பக்கம் திருப்பினும் குழலே ஆதலால் அதன் கோடுகள் மறையா. ஒற்றைச்சுவர்க் குழலுக்குப் பக்கத்துக்கு ஒரு கோடு. ஆக இரண்டே கோடுகள். கீழடிச் சில்லுகளில் கண்ட ஒற்றைச்சுவர்க் குழல்களின் விட்டம் சராசரி 0.6 நானோமீட்டர் என்று வேலூர் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். நம் உதாரணப் படத்தில் அது 3 மில்லிமீட்டர் அகலத்தில் தெரியும்.

சந்தேகிக்கும் கடமை

இதோடு நிறுத்தி, நம் முன்னோர் நானோ விஞ்ஞானம் அறிந்திருந்தனர் என்று மேடையேறிவிடுவது எளிது. சிலர் ஏறியும் விட்டனர். ஆராய்ச்சியோ, கண்டதைச் சந்தேகிப்பதற்கு, காண்பதற்குச் செலவிட்ட அளவு பிரயாசையைச் செலவிடும் தொழில்.

முதலாவது, துணுக்கைத் தாங்கும் படலமே பெரும்பாலும் கரியால் ஆனது. கரியைத் தேடுகையில் கரியின்மீதே வைத்துத் தேடுவதால், ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டுமே சாட்சியாகக் கொள்ளவேண்டும். இரண்டாவது, பார்க்கும் கற்றையே பார்க்கப்படுவதை மாற்றிவிடக்கூடும். 1992-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் டேனியல் உகார்த்தே என்பவர் கரித்தூளை வலுவான எலெக்ட்ரான் கற்றையால் தாக்கியபோது, அக்கரி கண்ணெதிரிலேயே தோல்மேல் தோலாக உருண்டு கோளங்களாகிவிட்டதைக் கண்டார். 200 கிலோவோல்ட் கற்றைக்குக் கரியணுவை இடம்விட்டுத் தட்டிவிடும் வலிமை உண்டு. ஆகவே விரைந்து படமெடுப்பதும், குறைந்த கற்றையில் எடுப்பதும் அவசியம். மூன்றாவது, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற நியாயம் இங்கே செல்லாது. நுண்ணோக்கி ஒரு சமயத்தில் பார்க்கும் இடம் அவ்வளவு சிறிது. ஓர் அழகான குழலைக் கண்டதால் பூச்சு முழுவதும் குழல் என்று ஆகாது. இதற்காகவே, தூள் முழுவதையும் ஒருசேர விசாரிக்கும் வேறு பரிசோதனைகளும் உடன் செய்யப்படுகின்றன. அவற்றுள் கரிக்குழல்களுக்கு மிகவும் ஏற்றது, நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் 1928-ல் கண்ட ஒளிச்சிதறல் விளைவை ஆதாரமாகக் கொண்டது.

நான்காவதாக, கரிக்குழல் இயற்கையிலும் உண்டாகும். கிரீன்லாந்தில் தோண்டியெடுத்த, பதினாயிரம் ஆண்டுப் பழைமையுடைய பனிக்கட்டியில் கரிக்குழல்கள் இருந்ததாக 2004-ல் ஓர் ஆய்வு தெரிவித்தது. எரிவாயுச் சுடரின் புகையிலும் அவை அகப்பட்டுள்ளன. எனவே கீழடிச் சில்லின் சிறப்பு, உலகத்திலேயே முதற் கரிக்குழல் என்பதில் இல்லை. மனிதன் கைப்பட வனைந்து சுட்ட ஒரு பாத்திரத்தின் பூச்சில் அது இத்தனை பழைய காலத்திலேயே காணப்படுகிறது என்பதில் இருக்கிறது. இதைப் போன்ற வேறொரு செய்தியும் நமக்கு உறவுடையதே. தென்னிந்திய உருக்கினால் செய்யப்பட்டதாகக் கருதப்படும் டமாஸ்கஸ் வாளொன்றில் கரிக்குழல் இருப்பதாக, ஜெர்மனியின் டிரெஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் பௌஃப்ளரும் குழுவினரும் 2006-ல் அறிவித்தபோது, வாள் உருக்கை நெடுங்காலம் ஆராய்ந்த ஜான் வெர்ஹோவன், அக்குழுவினர் கண்டது வேறொன்றாகவும் இருக்கலாம் என்று ஆட்சேபித்தார். அவ்வுருக்கைக் காய்ச்சும்போது இரும்போடு ஆவாரங் கட்டையையும் எருக்கிலையையும் மூசையில் இட்டு மூடுவதுண்டு என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன. இரண்டும் கரிசற்காட்டு வரப்புகளில் இன்றும் கேட்பாரற்று நிற்கும் செடிகள்.

குயவர் அறிந்தது

கருப்பு-சிவப்புக் கலம் சுடும் முறையைப் பற்றி அறிஞரிடையே பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து இது: பானையைக் கவிழ்த்து வைத்து, உள்ளே இலைதழையோ உமியோ அடைத்துச் சூளையிட்டால், வெளிப்புறத்தில் காற்று தாராளமாகப் பட்டு, மண்ணிலுள்ள இரும்பு சிவந்துபோகிறது, உட்புறத்திலோ காற்றுப் புகாமல், தழை எரியாது புகைந்து, அதன் கரி மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து கருக்கிறது. கீழடிக் கலங்களின் சூளை வெப்பம் 1,100 பாகை வரை எட்டியிருக்கும் என்று தொல்லியல் துறையின் அறிக்கை சொல்கிறது. தாவரச் சாறு எதையேனும் பூசிச் சுட்டிருக்கக்கூடும் என்பது வேலூர் ஆராய்ச்சியாளர்களின் ஊகம். இக்காலத் தொழிற்சாலைகளில் கரிக்குழல் விளைவிப்பதற்கு வேண்டியவை மூன்று: கரியுள்ள ஆவி, மிகுந்த வெப்பம், வித்தாக அமையும் இரும்பு போன்ற உலோகத் துகள். கவிழ்த்த பானைக்குள் இம்மூன்றும் கூடியிருந்தன. குழல் தோன்றுவதற்கு இடமிருந்தது என்பதற்கு இது காரணமாகுமே ஒழிய, இப்படித்தான் தோன்றியது என்பதற்குப் பிரமாணம் ஆகாது.

அடுப்படிக் கரி, சட்டியின் புறத்தில் பிசுக்கோடு சேர்ந்து படிந்திருப்பதே அன்றி, மண்ணுக்குள் புகுந்ததன்று. அதன் அணுக்களுக்கும் ஒழுங்கு இல்லை. சில்லின் கருப்போ, துளைகளுக்குள் புகுந்து மண்ணோடு மண்ணாகச் சுடப்பட்டது. அதன் கரி, ஒரு பகுதியேனும், நீரில் கரையாத, கிருமி உண்ணாத, காற்றில் துருவேறாத தகடுகளாகவும் குழல்களாகவும் ஒழுங்குபட்டது. இவ்விரண்டில் கருப்பு நிலைத்ததற்கு எது எவ்வளவு காரணம் என்று கேட்டால், முன்னதற்கே பெரும்பங்கு தரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். கரிக்குழல் பத்திரிகைகளில் பெற்ற புகழ், சூளையின் புகையை அடக்கி ஆளத் தெரிந்த கைத்திறனுக்குக் கிடைக்காமற் போனது நியாயமன்று. வனைந்தவர் அணுவை அறிந்திருக்கவில்லை. எந்தத் தழையை எவ்வளவு அடைத்து, எப்போது காற்றுவழியை மூடினால் இந்தக் கருப்பு வரும் என்பதை அறிந்திருந்தார். தவறாமல் ஒரே கருப்பை வருவித்த அந்தக் கலங்களே இதற்குச் சாட்சி.

இந்த விஷயத்தில் வாசகர் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. உழவிலோ வானம் தோண்டுகையிலோ இத்தகைய சில்லு உங்கள் கைக்கு வருமானால், அதைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள்; பளபளப்புக்காக எண்ணெயோ வார்னிஷோ பூசாதீர்கள்; பேனாவால் அதன்மேல் எழுதாதீர்கள். அவை ஒவ்வொன்றும் புதிய கரியைப் பழைய கரியோடு கலந்துவிடும். பிறகு எந்த நுண்ணோக்கியாலும் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் ஒரு தாளில் குறித்து, சில்லை மண்ணோடு மண்ணாகக் காகிதத்தில் பொதிந்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ தெரிவியுங்கள்.